ஒரு மில்லிமீட்டர் தவறினால்

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 106ஆம் விதி சாலையில் ஒரு கண்ணை நிறுத்தி வைக்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், அதன் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் விலகி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் அந்தக் கண் இருக்கிறது. அங்கே நிற்பவருக்குக் கண் கூசாதபடி ஒளி நிரந்தரமாகக் கீழ்நோக்கி இருக்க வேண்டும். அல்லது ஓட்டுநர் நினைத்தவுடன் அதைத் தாழ்த்த முடிய வேண்டும். இதற்கு முந்தைய 105ஆம் விதி வேறொன்றைக் கேட்கிறது: இரவில் 155 மீட்டர் தூரத்தில் இருக்கும் ஆளும் வண்டியும் தெளிவாகத் தெரியும் அளவுக்கு விளக்கு எரிய வேண்டும். ஒரு விதி 'நீ பார்' என்கிறது, அடுத்த விதி 'எதிரே வருபவனையும் பார்க்க விடு' என்கிறது. ஹெட்லைட் தொழில்நுட்பத்தின் நூறாண்டுச் சிக்கல் இந்த இரண்டு வரிகளுக்குள் அடங்கிவிடும். கூடுதல் வெளிச்சம் வேண்டுமென்று பல்பை மட்டும் மாற்றுபவர் முதல் விதியை நிறைவேற்றுவதாக நினைத்துக்கொண்டு இரண்டாவதை உடைக்கிறார். பெரும்பாலும் முதலாவதும் நிறைவேறுவதில்லை. காரணம், ஹெட்லைட்டின் தரத்தை ஒளி எங்கே விழுகிறது என்பதே தீர்மானிக்கிறது. எவ்வளவு ஒளி என்பது அதற்கு அடுத்த கேள்விதான். இதை ஏற்றுக்கொண்டால், வண்டிகளை எப்போது, எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதற்கும் விடை கிடைத்துவிடும்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. சென்னை–திருச்சி நான்குவழிச் சாலை பெரம்பலூரைத் தொட்டுக்கொண்டு போகிறது. அதன் நடுத்திட்டில் வளர்ந்திருக்கும் அரளிச் செடிகள் அழகுக்காக மட்டும் வைக்கப்பட்டவை அல்ல, எதிர்த்திசை ஒளியை மறைக்கும் வேலியும் அவைதான். அந்தச் சாலையை விட்டு இறங்கினால் அரளியும் இல்லை, நடுத்திட்டும் இல்லை. செந்துறைப் பக்கமும் ஜெயங்கொண்டத்துப் பக்கமும் உள்ள உள்சாலைகளில் எதிரெதிர் வண்டிகளுக்கு இடையே இருப்பது ஒரு வெள்ளைக் கோடு, சில இடங்களில் அதுவும் அழிந்திருக்கும். அதே சாலைகளில்தான் சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. கரும்பு ஏற்றிய டிராக்டரும், சின்ன வெங்காய மூட்டையோடு வரும் சரக்கு வண்டியும், பின்விளக்கு எரியாத டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லும் அவற்றோடு கலந்து போகின்றன. டி.என். 46, டி.என். 61 என்று தொடங்கும் எண்களுள்ள கார்களில் எத்தனை பேர் விளக்கை மாற்றியிருக்கிறார்கள் என்பதற்குக் கணக்குத் தேவையில்லை. இருட்டியபின் பத்து நிமிடம் எதிரே வரும் வண்டிகளைக் கவனித்தால் போதும். ஆக்ஸசரீஸ் கடையில் எல்.இ.டி. பல்பு ஜோடியாகக் கிடைக்கிறது, மாட்ட அரை மணி நேரம்கூட ஆகாது, சில ஆயிரம் ரூபாயில் வேலை முடிந்துவிடும்.

அந்த அரை மணி நேரத்தில் என்ன மாறுகிறது என்பதைப் பார்க்க, கழற்றிப்போட்ட பழைய எச்4 பல்பைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். 1970களின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்த இந்த ஹாலோஜன் பல்பு இன்றும் நம் ஊர்ச் சிறு கார்களில் பரவலாக இருக்கிறது. கண்ணாடிக்குள் இரண்டு இழைகள் இருக்கும். பிரைட்டுக்கு 60 வாட் இழை, டிம்முக்கு 55 வாட் இழை. டிம் இழைக்குக் கீழே மட்டும் தகட்டால் ஆன ஒரு சிறு கிண்ணம் இருப்பது கூர்ந்து பார்த்தால் தெரியும். அதன் ஒரு விளிம்பு 15 டிகிரி சாய்வாக அமைந்திருக்கும். இழையின் ஒளி கீழ்நோக்கிப் போய்விடாமல் அந்தக் கிண்ணம் தடுக்கிறது. அதனால் பிரதிபலிப்பானின் மேல்பாதி மட்டுமே ஒளி வாங்குகிறது. இழை குவியத்துக்குச் சற்று முன்னால் அமைந்திருப்பதால், மேல்பாதியில் பட்டுத் திரும்பும் ஒளி கீழ்நோக்கிச் சாய்ந்து சாலையில் விழுகிறது. கீழ்பாதிக்கும் ஒளி போயிருந்தால் அது மேல்நோக்கித் திரும்பி, எதிரே வருபவரின் முகத்தில் விழுந்திருக்கும். சாய்ந்த விளிம்புக்கும் காரணம் உண்டு. இடப்பக்கம் செல்லும் நம் போக்குவரத்தில், சாலையின் இடது ஓரத்தில் நடப்பவர் தெரிய வேண்டும் என்பதற்காக அந்தப் பக்கம் மட்டும் ஒளி கொஞ்சம் ஏறிப் போகிறது. ஆக, சுவரில் டிம் போட்டுப் பார்த்தால் தெரியும் ஒளி-இருள் எல்லைக்கோடு தற்செயலாக வந்ததல்ல. இழை, கிண்ணம், பிரதிபலிப்பான் மூன்றும் ஒன்றுக்காக ஒன்று வடிவமைக்கப்பட்டதால் வந்தது.

இந்த ஏற்பாட்டில் இழை எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்குகளில்தான் விலக்கு அனுமதி உண்டு. அந்தக் கண்டிப்பின் காரணத்தை ஒரு சின்னக் கணக்கு காட்டும். பிரதிபலிப்பானின் குவியத் தூரம் 25 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒளி மூலம் ஒரு மில்லிமீட்டர் கீழே இறங்கினால் கற்றை இருபத்தைந்தில் ஒரு பங்கு, அதாவது நான்கு சதவீதம், மேலே ஏறும். டிம் கற்றை சாதாரணமாக ஒரு சதவீதம் கீழ்நோக்கி இருக்க வேண்டும். 10 மீட்டர் தூரத்தில் 10 சென்டிமீட்டர் இறக்கம். நான்கு ஏறி ஒன்று கழிந்தால் மூன்று சதவீதம் மேல்நோக்கி என்றாகிவிடும். விளக்கு தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், 25 மீட்டர் தூரத்தில் அந்தக் கற்றையின் மேல் எல்லை கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டருக்கு வந்துவிடுகிறது. எதிரே வரும் கார் ஓட்டுநரின் கண் அந்த ஒளிக்குள் முழுதாக மூழ்கும். இனி எல்.இ.டி. பல்பைப் பாருங்கள். இழை மெல்லிய சுருள், சுற்றிலும் எல்லாத் திசையிலும் ஒளி விடுகிறது. எல்.இ.டி.யில் ஒரு தகட்டின் இரு பக்கமும் ஒட்டிய சிறு சில்லுகள் இடமும் வலமுமாக ஒளி வீசுகின்றன, தகட்டின் விளிம்புப் பக்கம் ஒளி குறைகிறது. நடுவிலுள்ள தகட்டின் தடிமன் அளவுக்குச் சில்லுகள் அச்சிலிருந்து விலகியே உட்காருகின்றன. மாட்டும்போது பல்பு சற்றே திரும்பிவிட்டால் விலகல் இன்னும் கூடும். சில பல்புகளில் கிண்ணம் போன்ற தகடும் வைக்கிறார்கள். ஆனால் இந்தப் பிரதிபலிப்பான் அந்த மூலத்துக்காக வார்க்கப்பட்டதல்ல என்ற அடிப்படை மாறுவதில்லை. எச்.ஐ.டி. கிட் போட்டால் கதை இன்னும் மோசம்: ஹாலோஜன் டிம் இழை சுமார் 1,000 லூமன் (மொத்த ஒளியின் அளவு) தரும் இடத்தில் 3,000 லூமனுக்கு மேல் கொட்டும் வில்லொளியை வைக்கிறோம். ஐ.நா. வாகன ஒழுங்குவிதிகள் 2,000 லூமனைத் தாண்டும் டிம் விளக்குகளுக்குத் தானாகச் சரிவைச் சீர்செய்யும் கருவியும், கண்ணாடியைக் கழுவும் கருவியும் வேண்டும் என்று கேட்டதற்குக் காரணம் இதுதான்.

எல்லைக்கோட்டின் மேலும் கீழும் ஒளி எவ்வளவு மாற வேண்டும் என்பதற்கும் அளவு இருக்கிறது. ஹாலோஜன் ஹெட்லைட்டுகளுக்கான ஐ.நா.வின் 112ஆம் ஒழுங்குவிதி, கோட்டுக்குச் சற்றுக் கீழே சாலையில் 75 மீட்டர் தூரத்தைக் குறிக்கும் புள்ளியில் குறைந்தது 10,100 கேண்டெலா (ஒரு திசையில் போகும் ஒளியின் செறிவு) வேண்டும் என்கிறது. கோட்டுக்குச் சற்று மேலே, 50 மீட்டரில் எதிரே வருபவரின் கண்ணைக் குறிக்கும் புள்ளியில் 350 கேண்டெலாவுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. இந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையே உயரத்தில் உள்ள வித்தியாசம் ஒரு டிகிரியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அதற்குள் ஒளி ஏறக்குறைய முப்பது மடங்கு குறைந்தாக வேண்டும். மேலே பார்த்த ஒரு மில்லிமீட்டர் விலகல் இரண்டு டிகிரிக்கு மேற்பட்ட ஏற்றம். அதாவது சாலைக்கென ஒதுக்கிய 10,000 கேண்டெலா அப்படியே எதிராளியின் கண்ணுக்குப் போய்விடும். பல்பின் லூமன் கூடாமலே இது நடக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கண்ணுக்குள் போன ஒளி அங்கே என்ன செய்கிறது? கருவிழியும் லென்சும் முழுத் தெளிவானவை அல்ல. உள்ளே வரும் வலுவான ஒளியில் ஒரு பகுதி சிதறி, விழித்திரை முழுவதும் மெல்லிய வெண்திரையாகப் படர்கிறது. இந்தத் திரையின் பிரகாசத்தைக் கணக்கிடும் எளிய சூத்திரத்தை 1920களில் ஹாலடேயும் ஸ்டைல்ஸும் உருவாக்கினார்கள்: கண்ணில் விழும் ஒளியை லக்ஸில் எடுத்துப் பத்தால் பெருக்கி, ஒளி வரும் கோணத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும். 50 மீட்டரில், பக்கவாட்டில் 3 மீட்டர் விலகி வரும் காரின் இரு விளக்குகளும் 350 கேண்டெலா வீதம் விட்டால் திரையின் பிரகாசம் சதுர மீட்டருக்குச் சுமார் கால் கேண்டெலா. அதே விளக்குகள் 10,100 வீதம் விட்டால் சுமார் 7 கேண்டெலா. டிம் வெளிச்சத்தில் தெரியும் இரவுச் சாலையின் சொந்தப் பிரகாசமே பல இடங்களில் ஒரு கேண்டெலாவை எட்டாது. சாலையை விடப் பல மடங்கு பிரகாசமான திரை கண்ணுக்குள்ளேயே விழுந்துவிட்டால், அதன் பின்னால் லுங்கியும் மங்கிய சட்டையுமாக நடந்துபோகிறவர் எப்படித் தெரிவார்? வயது கூடக் கூட லென்சில் சிதறல் கூடும். எழுபது வயதுக்காரருக்கு அதே ஒளி இளைஞரைவிட ஏறத்தாழ இரு மடங்கு திரையை உண்டாக்கும் என்பது கண்ணியல் துறையில் ஒப்புக்கொண்ட கணக்கு. அரியலூருக்கு இன்னொன்றும் சேர்கிறது. டைனோசர் காலத்துக் கடலடியில் படிந்த சுண்ணாம்பு, இன்று லாரிச் சக்கரத்தில் அரைபட்டு மாவுபோலப் பறக்கிறது. அது எதிர்வண்டியின் ஹெட்லைட்டிலும் படிகிறது, நம் முன்கண்ணாடியிலும் படிகிறது. இரண்டு இடத்திலும் ஒளியைச் சிதறடித்து, எல்லைக்கோட்டை மழுங்கடித்து, கண்ணுக்குள் விழும் திரைக்கு வெளியே இன்னொரு திரையைப் போடுகிறது. விளக்கை மாற்றும் செலவில்லாமல், புறப்படும் முன் ஈரத்துணியால் இரண்டையும் துடைத்தாலே இந்த வெளித்திரை விலகிவிடும்.

'ஆனால் மாற்றிய பிறகு எனக்கு நன்றாகத் தெரிகிறதே' என்பது முதல் மறுப்பு. அவர் சொல்வது பொய்யல்ல. வண்டிக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டர் வெள்ளை வெளேரென்று ஒளிர்வதைக் காணும் எவருக்கும் அந்தத் திருப்தி வரும். கடையின் சுவரில் அடித்துக் காட்டும்போதும் அதுதான் கண்ணைக் கவர்கிறது. சிக்கல் என்னவென்றால், கண் தன் முன்னாலுள்ள பிரகாசத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளும். கிட்டத்துத் தரை பளிச்சென்று இருந்தால் கண்ணின் இருள் உணர்திறன் குறைந்து, தூரத்து மங்கல் பொருள் இன்னும் மங்கிப்போகும். நமக்கு வேண்டியது தூரம்தான். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. பார்த்து, உணர்ந்து, பிரேக்கில் கால் வைக்க இரண்டு வினாடி, பிறகு வண்டி நிற்க நல்ல சாலையில் இன்னும் 40 மீட்டர். மொத்தம் 85 மீட்டர். பத்து மீட்டரில் கல்லும் மண்ணும் துல்லியமாகத் தெரிவதால் இந்தக் கணக்கில் எதுவும் மாறாது. அதற்குள் வந்துவிட்ட பொருளை யாராலும் தவிர்க்க முடியாது. வெளிச்சம் கூடிய உணர்வு வேகத்தைக் கூட்டத் தூண்டினால், பல்பு தந்த பாதுகாப்பு எதிர்மறைக் கணக்கில்தான் முடியும்.

இரண்டாவது மறுப்புக்கு வலு அதிகம். நம் சாலைகள் இருட்டானவை, மாடு குறுக்கே வருகிறது, மக்காச்சோளம் காயவைத்த குவியல் ஓரத்தில் கிடக்கிறது, டிராக்டர் டிப்பரின் பின்னால் ஒரு சிவப்பு ஸ்டிக்கர்கூட இல்லை. இந்த நிலையில் கம்பெனி பல்பு போதவில்லை என்பவரை வெறும் ஆடம்பரக்காரர் என்று தள்ளிவிட முடியாது. அவருடைய தேவை உண்மை. ஆனால் கம்பெனி விளக்கு உண்மையில் எவ்வளவு தர வேண்டுமோ அவ்வளவு தருகிறதா என்று அவர் பார்த்தாரா? இழை பல்பின் ஒளி மின்னழுத்தத்தின் ஏறக்குறைய 3.4ஆம் அடுக்குக்கு ஏற்ப மாறும். 13.2 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட் வந்தால் ஒளியில் 28 சதவீதம் போய்விடும். ஸ்விட்ச் வழியாகவே முழு மின்னோட்டமும் போகிற பழைய வண்டிகளில், தேய்ந்த தொடர்பும் மெல்லிய வயரும் கருகிய ஹோல்டரும் சேர்ந்து இந்த இழப்பைச் சுலபமாக உண்டாக்கும். வேலை தெரிந்த எலக்ட்ரீஷியன் ரிலேயும் ஃபியூஸும் வைத்துத் தனி வயர் இழுத்துக் கொடுத்தால், அதே பல்பு, அதே கற்றை வடிவத்தில், இழந்த ஒளியை மீட்டுத் தரும். பத்து வருடத்துக் காரின் பாலிகார்பனேட் டூம் வெயிலில் மஞ்சளித்துப் போயிருந்தால் அதைப் பாலிஷ் செய்வதோ மாற்றுவதோ அடுத்தது. வயதான இழைக்குப் பதிலாக, வட்டத்துக்குள் ஈ எழுத்தும் எண்ணும் பொறித்த அதே வாட் புதிய பல்பு அதற்கடுத்தது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் விளக்கின் சரிவைச் சரிசெய்ய வேண்டும்: கற்றை தேவைக்கு மேல் தாழ்ந்திருந்தால் எந்தப் பல்பும் இருபது மீட்டரைத் தாண்டி எட்டாது. 100/90 வாட் பல்பை நேரடியாகப் போடுபவர் இந்த வழிகளையெல்லாம் தாண்டிக் குதித்து, ஸ்விட்சையும் ஹோல்டரையும் உருக்கும் வழியைத் தேர்ந்துகொள்கிறார். இருட்டுச் சாலைக்கான தீர்வில் மறுபாதி விளக்கில் இல்லவே இல்லை. அது டிராக்டரின் பின்னால் ஒட்ட வேண்டிய ஒளிரும் பட்டையிலும், டிம்மில் ஓட்டும்போது அறுபதைத் தாண்டாத வேகத்திலும் இருக்கிறது.

மூன்றாவது மறுப்பு எல்லா ஓட்டுநரும் சொல்வது: 'எதிரே வருகிறவன் டிம் பண்ணுவதில்லை, என் விளக்கும் பலமாக இருந்தால்தான் அவன் ஒளியை மீறி எனக்குப் பாதை தெரியும்.' இதையும் கணக்காகவே பார்த்துவிடலாம். ஒரு பொருள் தெரிவதும் தெரியாததும் அதன் பிரகாசத்துக்கும் பின்புலப் பிரகாசத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. கண்ணுக்குள் விழும் திரை அந்தப் பின்புலத்தோடு கூடிக்கொள்கிறது. நான் என் ஒளியை இரட்டிப்பாக்கினால் பொருளின் பிரகாசம் இரட்டிக்கும். எதிராளியும் தன் ஒளியை இரட்டிப்பாக்கினால் திரையும் இரட்டிக்கும். விகிதம் பழைய இடத்திலேயே நிற்கும். தெருக்கூத்தில் முன்வரிசைக்காரர் எழுந்து நின்றால் பின்வரிசையும் எழுந்து நிற்கிறது, யாருக்கும் கூடுதலாக எதுவும் தெரிவதில்லை, எல்லோருக்கும் கால் வலிதான் மிச்சம். சாலையில் அந்த மிச்சம் கால் வலியோடு நிற்பதில்லை. போட்டியில் சேராதவர்கள் இருக்கிறார்கள்: நடப்பவர், சைக்கிள்காரர், சிறு விளக்கோடு எக்ஸ்.எல்.லில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர். அவர்களின் கண்ணில் திரை இரட்டித்துவிட்டது, அவர்களின் ஒளியோ இரட்டிக்கவில்லை. இரண்டு கார்களுக்கும் லாபமில்லாத பந்தயத்தில் நஷ்டம் முழுவதும் அவர்கள் தலையில் விழுகிறது.

நான்காவதாக, புதுக் கார்கள் கம்பெனியிலிருந்தே எல்.இ.டி.யோடு வருகின்றன, அவையும் கண் கூசுகின்றனவே என்பார்கள். கூசுகின்றன என்பது உண்மைதான். ஒளி விடும் பரப்பு சிறிதாகவும், நிறம் நீலம் கலந்த வெண்மையாகவும், விளக்கு உயரத்திலும் இருந்தால் கண்ணுக்கு எரிச்சல் கூடும்; உயரமான எஸ்.யு.வி.க்கள் பெருகியதும் இதில் சேரும். ஆனாலும் அந்த விளக்குகளில் எல்லைக்கோடு இருக்கிறது, சோதித்து ஒப்புதல் பெற்ற வடிவம் இருக்கிறது. அவை கூசும் பல நேரங்களில் காரணம் பின்சுமை. பின்சீட்டில் மூவரும் டிக்கியில் மூட்டையும் ஏறினால் வண்டியின் மூக்கு ஒரு டிகிரி நிமிர்ந்தாலே போதும், ஒரு டிகிரிக் கணக்கில் வரைந்த எல்லை கெட்டுவிடும். பல கார்களின் டாஷ்போர்டில் 0 முதல் 3 வரை எண் போட்ட சிறு சக்கரம் ஒன்று இருக்கிறது. சுமைக்கு ஏற்ப விளக்கைத் தாழ்த்துவதற்கென்றே வைத்தது அது, காரை விற்கும்வரை அதைத் தொடாதவர்களே அதிகம். எல்.இ.டி. என்ற தொழில்நுட்பத்தின் மேல் குற்றமில்லை என்பதற்கு ஜெர்மனியே சான்று. 2020இல் அங்கே ஹாலோஜன் இடத்தில் பொருத்தும் ஆஸ்ராம் எல்.இ.டி. பல்பு ஒன்றுக்குச் சாலை அனுமதி கிடைத்தது. எந்தக் காரின் எந்த ஹெட்லைட்டில் அது சரியான கற்றையைத் தருகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, அந்தப் பட்டியலில் உள்ள வண்டிகளுக்கு மட்டும் அனுமதி என்றார்கள். பல்புக்குத் தனியாக அனுமதி இல்லை. பல்பும் பிரதிபலிப்பானும் சேர்ந்த ஜோடிக்குத்தான். கடையில் 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று விற்கும் பல்பு பொருந்துவது ஹோல்டருக்கு மட்டுமே.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின் 182ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம்வரை சிறை அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் வீதம் அபராதம் என்றது. தேடுவிளக்கு போன்றவற்றைப் பதிவு அதிகாரியின் முன் அனுமதியின்றி முன்னால் பொருத்த 111ஆம் விதி தடை போடுகிறது. ஆக, சட்டத்தில் குறை சொல்ல அதிகமில்லை. குறை, அதைச் சோதிக்கும் காலக்கணக்கில் இருக்கிறது. லாரி, பஸ், வாடகை வண்டிகள் எட்டு வயதுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குக் காட்ட வேண்டும், அந்தச் சோதனையில் ஹெட்லைட்டும் உண்டு. சொந்தக் காருக்கும் பைக்குக்கும் பதிவு 15 ஆண்டு செல்லும். அந்தப் பதினைந்து ஆண்டில் அதன் விளக்கு எங்கே அடிக்கிறது என்று அளந்து பார்க்க எந்த ஏற்பாடும் இல்லை. எல்.இ.டி. மாற்றம் அதிகம் நடப்பதோ இந்தச் சொந்தக் கார்களில்தான். ஜெர்மனியில் புதுக் காருக்கு மூன்றாம் ஆண்டும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் நடக்கும் கட்டாயச் சோதனையில் ஹெட்லைட் சரிவும் பார்க்கப்படுகிறது. பிரிட்டனில் மூன்றாம் ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் நடக்கும் சோதனையில், ஹாலோஜன் ஹெட்லைட்டுக்குள் எச்.ஐ.டி.யோ எல்.இ.டி.யோ மாட்டிய காருக்கு 2021 முதல் தேர்ச்சி தருவதில்லை.

எஃப்.சி. முறையும் தன்னளவில் நிறைவானதல்ல. பல்பு மாற்ற அரை மணி நேரம்கூட ஆகாது என்பதால், சோதனை நாளன்று கம்பெனி பல்பும் மறுநாள் வேறு பல்பும் என்று ஓட்ட முடியும். இதைச் சுட்டிக்காட்டி, 'சோதனை என்பது அலைக்கழிப்பு, ஏழை ஓட்டுநரை மடக்க இன்னொரு வாய்ப்பு' என்பவர்களின் சந்தேகத்தில் நியாயம் உண்டு. அந்தச் சந்தேகத்துக்கு மருந்து சோதனையைக் கைவிடுவதல்ல, கண்மதிப்பை அளவாக மாற்றுவது. ஹெட்லைட் சோதனைக் கருவி என்பது ஒரு பெட்டி, முன்னால் ஒரு லென்ஸ், உள்ளே கோடு போட்ட ஒரு திரை, ஒரு ஒளிமானி. வண்டியின் முன் நிறுத்தினால் எல்லைக்கோடு எங்கே விழுகிறது, எத்தனை சதவீதம் சரிவு என்பது எண்ணாகவே கிடைத்துவிடும். அந்த எண்ணில் ஆய்வாளரின் விருப்பு வெறுப்புக்கு இடம் குறைவு. தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கான விதிகள் 2021இலேயே வந்தும், அவற்றைக் கட்டாயமாக்கும் தேதி தள்ளித் தள்ளிப் போனது. அளவில்லாமல் செய்யும் திருத்தம் எப்படியிருக்கும் என்பதற்குச் சாலைப் பாதுகாப்பு வாரத்தில் ஹெட்லைட்டின் நடுவே ஒட்டப்படும் கறுப்பு ஸ்டிக்கர் நல்ல எடுத்துக்காட்டு. பிரதிபலிப்பானின் ஒவ்வொரு பகுதியும் கற்றைக்குத் தன் பங்கைத் தருவதால், ஸ்டிக்கர் மொத்த ஒளியில் கொஞ்சத்தைத் தின்னுமே தவிர, தவறாகப் போகும் ஒளியின் திசையைத் திருத்தாது. நேராக இருந்த விளக்கு மங்கும், மேலே அடிக்கும் விளக்கு மேலேயே அடிக்கும்.

செய்யக்கூடியது ஒன்று நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. சொந்தக் காரும் பைக்கும் 15 ஆண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கம் போகாவிட்டாலும், பதிவாகி ஓராண்டு ஆனதும் புகைச் சான்று எடுத்தாக வேண்டும், அதைக் காலாகாலத்தில் புதுப்பிக்கவும் வேண்டும். பெரம்பலூரிலும் அரியலூரிலும் புகைச் சோதனை மையங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அங்கே ஒரு ஹெட்லைட் சோதனைப் பெட்டியை வைத்து, புகை அளவோடு விளக்கின் சரிவையும் எல்லைக்கோட்டின் படத்தையும் அதே சான்றில் பதிவு செய்யச் சொன்னால், பதினைந்து ஆண்டு இடைவெளி ஒரே ஆண்டாகச் சுருங்கும். புகைச் சான்றே பார்க்காமல் கொடுக்கப்படுகிறது என்ற புகார் இதற்கும் வரும். அதனால்தான் படத்தோடு பதிவு வேண்டும் என்பது. முதல் ஆண்டு அபராதமே வேண்டாம், சரிசெய்து அனுப்பினால் போதும். பெரும்பாலான விளக்குகளுக்கு ஸ்க்ரூடிரைவர் திருப்பும் வேலைதான். அபராதம் வேண்டிய இடம் வேறு. ஒப்புதல் முத்திரை இல்லாத பல்பைச் சாலைக்கென்றே விற்றுவிட்டு, பெட்டியின் ஓரத்தில் மட்டும் 'சாலைப் பயன்பாட்டுக்கல்ல' என்று அச்சடிக்கும் விற்பனையைத் தடுக்காமல், வாங்கியவரை மட்டும் சாலையில் மடக்குவது பாதி நீதிகூட ஆகாது. பாதுகாப்புக்கு முக்கியமென்று அறிவிக்கப்பட்ட உதிரிபாகங்களைத் தரமின்றி விற்பவருக்குத் தண்டனை தர அதே 182ஏ பிரிவிலேயே இடமிருக்கிறது. அதை முதலில் எடுத்துப் பயன்படுத்த வேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. சமதரையில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்துங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்காரட்டும். விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்து டிம் போடுங்கள். எல்லைக்கோடு அந்தக் குறிக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே, இடப்பக்கம் மட்டும் ஏறி, தெளிவாக விழ வேண்டும். பானட்டுக்கு உள்ளே சரிவுச் சதவீதம் குறித்த ஸ்டிக்கர் இருந்தால் அந்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். கோடு மேலே இருந்தால் மெக்கானிக்கிடம் சொல்லி இறக்குங்கள். மாற்றிப் போட்ட பல்பால் கோடே இல்லாமல் சுவர் முழுக்க ஒளி பரவியிருந்தால், அதைக் கழற்றிவிட்டுக் கம்பெனி பல்பைத் திரும்பப் போடுங்கள். அந்த விளக்கைத் திருத்த வேறு வழி கிடையாது.